பீலிக்கு மேலே என்ன நடக்கிறது?

மலையகத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த எந்தப் பெண்ணுக்கும் பீலிக்கரையைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. விடியற்காலையில் குடத்தோடு போய் நிற்பதும், துணி துவைப்பதும், பிள்ளைகளைக் குளிப்பாட்டுவதும், தோட்டத்துச் செய்திகளைப் பரிமாறிக்கொள்வதும் அங்கேதான். இன்று பல லயங்களுக்குக் குழாய் வந்துவிட்டது உண்மைதான். ஆனால் அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டே மேலே நடந்து பாருங்கள். பெரும்பாலும் அது ஓர் ஊற்றிலோ ஓடையிலோ கட்டப்பட்ட சிறிய தொட்டியில் போய் முடியும். குழாய் புதியது, தண்ணீர் பழைய தண்ணீரே.

அந்தத் தண்ணீர் என்றைக்கு நுரைத்தது, என்றைக்குக் கலங்கியது, என்றைக்கு மருந்து மணம் வீசியது என்பதை முதலில் அறிபவள் பெண்தான். வயிற்றோட்டம் வந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுபவளும் அவளே. ஆயினும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கேட்கும்போது நாம் சொல்லும் பதில் என்ன? கொஞ்ச நாளாகவே இப்படித்தான் என்போம். எந்த நாளிலிருந்து, மழைக்கு முன்னா பின்னா, மேல் ஓடையிலுமா அல்லது லயத்துக்குக் கீழே மட்டுமா என்று அவர் திருப்பிக் கேட்டால் நம்மிடம் பதில் இருப்பதில்லை. திகதி இல்லாத முறைப்பாடு கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.

இந்தக் குறையைத் தீர்க்க உலகின் பல பாகங்களில் சாதாரண மக்கள் ஒரு வேலையைச் செய்து வருகிறார்கள். தமது ஊர் ஓடையைத் தாமே முறையாகக் கவனித்து, பரிசோதித்து, பதிவு செய்து வைக்கும் தொண்டு அது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 1969ஆம் ஆண்டிலேயே ஓடைகளைக் காக்கும் தொண்டர் இயக்கம் ஒன்று தொடங்கிவிட்டது. எனினும் நமது நிலைமைக்கு மிக நெருக்கமானது தென்னாபிரிக்காவின் கதை என்றே எனக்குத் தோன்றுகிறது. அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

ம்பொபொமேனியின் தொண்டர்கள்

தென்னாபிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் ஹோவிக் என்னும் நகருக்கு அருகே ம்பொபொமேனி என்றொரு குடியிருப்பு உண்டு. சுலு மொழியில் நீர்வீழ்ச்சியின் இடம் என்று பொருள். நிறவெறி ஆட்சிக் காலத்தில் தமது நிலங்களிலிருந்து அகற்றப்பட்ட கறுப்பின மக்கள் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட இடம் அது. பக்கத்திலே 1965இல் கட்டி முடிக்கப்பட்ட மிட்மார் நீர்த்தேக்கம். டேர்பன், பீட்டர்மாரிட்ஸ்பேர்க் ஆகிய பெருநகரங்களின் குடிநீர் இங்கிருந்தே போகிறது. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து முதலாவது கப்பலில் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போய் இறங்கிய நமது மக்களின் வாரிசுகளும் டேர்பனில் இந்தத் தண்ணீரைத்தான் அருந்துகிறார்கள்.

ம்பொபொமேனியில் மலசலக் கழிவைக் கொண்டுசெல்லும் நிலத்தடிக் குழாய்கள் அடிக்கடி அடைபட்டன. வீதியோரத்து மூடிகளைத் தள்ளிக்கொண்டு கழிவுநீர் மேலே பொங்கும். பிள்ளைகள் விளையாடும் இடத்தினூடாக வழிந்து ஓடையில் சேரும். ஓடை நீர்த்தேக்கத்தில் சேரும். நகரசபைக்கு இது தெரியாததல்ல. ஆனால் எந்த மூடி, எத்தனை நாளாக, எத்தனையாவது தடவை என்ற கணக்கு யாரிடமும் இருக்கவில்லை.

2010களின் தொடக்கத்தில் அவ்வூர் மக்களில் சிலர், சுற்றாடல் அமைப்புகளின் உதவியோடு, இந்தக் கணக்கை எழுதத் தொடங்கினார்கள். பெண்களும் வேலையற்ற இளைஞர்களும் அதிலே முன்னின்றார்கள். தெருத் தெருவாக நடந்து ஒவ்வொரு மூடியையும் பார்த்தார்கள். பொங்கி வழிவதைக் கண்டால் இடம், திகதி, நேரம் குறித்து, கைத்தொலைபேசியில் படமெடுத்து, நகரசபைக்கு அறிவித்தார்கள். திருத்தப்பட்டதா என்று மறுபடியும் போய்ப் பார்த்தார்கள். இந்த இரண்டாவது நடைதான் முக்கியமானது. நம்மில் பலர் முறைப்பாடு கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம்.

அத்தோடு நின்றுவிடவில்லை. வீடு வீடாகப் போய், பழந்துணி, கடதாசி, சமையல் கொழுப்பு போன்றவற்றைக் கழிவுக் குழாயில் போட்டால் என்ன நடக்கும் என்று விளக்கினார்கள். தெருநாடகம் போட்டார்கள். ஓடையில் இறங்கித் தண்ணீரைப் பரிசோதித்தார்கள். இந்த முறை பின்பு அந்த ஆற்றுப் படுகையின் வேறு ஊர்களுக்கும் பரவியது. பிற்காலத்தில் பல இடங்களில் இத்தொண்டர்களுக்குச் சிறு கொடுப்பனவும் வழங்கப்பட்டது. அது நியாயமானதே. வீட்டு வேலை, வெளி வேலை இரண்டையும் சுமக்கும் பெண்ணிடம் மூன்றாவதாக ஒரு வேலையைச் சம்பளமில்லாமல் கேட்கும்போது, கேட்பவர்கள் கொஞ்சம் கூச்சப்பட வேண்டும்.

அந்த மாகாணத்துக்குத் தண்ணீரின் விலை ஏற்கனவே தெரியும். 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் அங்கே தொடங்கிய வாந்திபேதி ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோரைத் தாக்கியது. 200 பேருக்கு மேல் இறந்தனர். குழாய்நீருக்குக் கட்டணம் செலுத்த இயலாத குடும்பங்கள் மீண்டும் ஆற்றுநீரை நாடியதும் அதற்கொரு காரணம் என்று அப்போது சுட்டிக்காட்டப்பட்டது.

கல்லுக்கு அடியில் இருக்கும் சாட்சி

ஓடையைப் பரிசோதிக்க ஆய்வுகூடமும் இரசாயனங்களும் வேண்டுமே என்று நீங்கள் நினைக்கலாம். தென்னாபிரிக்கத் தொண்டர்களின் கையிலிருப்பது ஒரு சிறு வலை, ஒரு வெள்ளைத் தட்டு, ஒரு படத்தாள். இம்முறைக்கு ‘மினி சாஸ்’ என்று பெயர். ஓடையிலே கற்களுக்கு அடியிலும் இலைக்குப்பைகளுக்கு இடையிலும் வாழும் சிற்றுயிர்களைப் பிடித்து, எவை எவை இருக்கின்றன என்று பார்ப்பதே அதன் அடிப்படை.

இதற்குள் இருக்கும் விஷயம் மிக எளிமையானது. சில பூச்சிகளின் குஞ்சுகள் மாதக்கணக்கில் தண்ணீருக்குள்ளேயே வளர்பவை. அவற்றுள் சில சுத்தமான, ஒட்சிசன் நிறைந்த நீரில் மட்டுமே உயிர் வாழும். சில எந்தச் சாக்கடையிலும் வாழும். நாம் போத்தலில் எடுக்கும் தண்ணீர் அந்த ஒரு நிமிடத்தின் கதையை மட்டுமே சொல்லும். இரவு யாரோ திறந்துவிட்ட கழிவு விடியுமுன் ஓடிப்போயிருக்கும். காலையில் எடுக்கும் நீர் தெளிவாகவே இருக்கும். ஆனால் அந்த இரவில் செத்துப்போன பூச்சிகள் மறுநாளே திரும்பி வருவதில்லை.

மினி சாஸ் முறையில் சிற்றுயிர்களை 13 கூட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி கொடுத்திருக்கிறார்கள். அழுக்கைத் தாங்காத உயிருக்குக் கூடிய புள்ளி. ‘ஸ்டோன்பிளை’ எனப்படும் பூச்சியின் குஞ்சுக்கு 17. தட்டையான உடலும் இரண்டு நீண்ட வால்களும் கொண்டது அது. ‘மேபிளை’ குஞ்சுகள் பெரும்பாலும் மூன்று வால் கொண்டவை, வயிற்றின் இரு பக்கமும் மெல்லிய செவுள்கள் அசைந்துகொண்டிருக்கும். அவற்றில் பெரும்பாலான வகைகளுக்கு 11. ‘கடிஸ்பிளை’ குஞ்சுக்கு 9. மணலையும் குச்சிகளையும் ஒட்டித் தனக்கென்று ஒரு சிறு கூடு கட்டி அதைச் சுமந்து திரியும் வகை இதிலே உண்டு. பிள்ளைகளுக்குக் காட்டினால் அவ்விடத்தை விட்டு நகரமாட்டார்கள். நண்டுக்கும் தும்பிக் குஞ்சுக்கும் 6, நத்தைக்கு 4. புழு, அட்டை, ஈயினக் குஞ்சுகள் ஆகியவற்றுக்குத் தலா 2 மட்டுமே.

ஒரு கூட்டத்தில் எத்தனை பூச்சி இருந்தாலும் ஒருமுறைதான் எண்ண வேண்டும். உதாரணமாக, பீலிக்கு மேலே மேபிளை, கடிஸ்பிளை, நண்டு, நத்தை, ஈக்குஞ்சு ஆகிய ஐந்தும் கிடைத்தால் மொத்தம் 32. அதை 5ஆல் பிரித்தால் 6.4. லயத்துக்குக் கீழே புழு, அட்டை, நத்தை, ஈக்குஞ்சு மட்டும் கிடைத்தால் மொத்தம் 10, பிரித்தால் 2.5. 7ஐத் தாண்டினால் ஓடை நல்ல நிலையில் இருக்கிறது எனலாம். 5க்குக் கீழே போனால் ஏதோ பெரிய கேடு நடக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். இந்தப் புள்ளிகள் தென்னாபிரிக்க ஆறுகளைப் பார்த்து வகுக்கப்பட்டவை. நம் நாட்டு ஓடைகளில் உயிரினங்கள் சற்று வேறுபடும். ஆகவே 6.4 என்ற எண்ணைத் தனியே தூக்கிப் பிடிக்காதீர்கள். ஒரே ஓடையின் மேற்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் உள்ள வித்தியாசத்தையும், சென்ற மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் உள்ள வித்தியாசத்தையும் பாருங்கள். 6.4இலிருந்து 2.5க்கு நூறு யார் தூரத்துக்குள் விழுந்தால், அந்த நூறு யாருக்குள்தான் காரணம் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. பூச்சிகள் நிறைய இருப்பதால் தண்ணீர் குடிக்க உகந்தது என்று அர்த்தமில்லை. வயிற்றோட்டத்தையும் நெருப்புக்காய்ச்சலையும் செங்கமாரியையும் பரப்பும் கிருமிகளுக்கு மேபிளை சாட்சி சொல்லாது. கொதித்தாறிய நீரையே குடிக்க வேண்டும் என்ற விதியில் எந்த மாற்றமும் இல்லை.

மலக்கழிவு கலந்திருக்கிறதா என்று அறிய வேறொரு எளிய முறை இருக்கிறது. 1982இல் இந்திய விஞ்ஞானிகள் வெளியிட்டது அது. மருந்து ஊறிய கடதாசித் துண்டு வைத்த சிறு போத்தலில் தண்ணீரை நிரப்பி ஓரிரு நாள் வைத்தால், மலக்கழிவில் காணப்படும் வகையான கிருமிகள் இருப்பின் நீர் கறுத்துவிடும். இது தீர்ப்பல்ல, ஒரு அறிகுறி மட்டுமே. நுவரெலியா போன்ற குளிர்ப்பகுதிகளில் போத்தலை வெதுவெதுப்பான இடத்தில் வைக்காவிட்டால் கறுப்பதற்கு நாளாகும். கறுக்கவில்லையே என்று ஏமாந்துவிடக் கூடாது. இப்போத்தலை எங்கே பெறலாம் என்று உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமே கேளுங்கள். அப்படிக் கேட்பதே அவருடன் பேச்சைத் தொடங்க நல்ல வழியாகும்.

மலையில் விழும் துளி

நமது மலைகளில் ஏன் இதைச் செய்ய வேண்டும்? பொகவந்தலாவை, நோர்வூட் பக்கத்து ஓடைகள் கெஹெல்கமு ஓயாவாகிக் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சேர்கின்றன. மஸ்கெலியாப் பக்கத்து ஓடைகள் மஸ்கெலி ஓயா வழியே மவுசாகலையில் சேர்கின்றன. இந்த இரண்டு ஓயாக்களும் கலந்துதான் களனி கங்கை. அது 145 கிலோமீற்றர் ஓடி, அம்பத்தலையில் சுத்திகரிக்கப்பட்டு, கொழும்பு மக்களின் குழாய்களில் வருகிறது. நானுஓயாவின் தண்ணீர் கொத்மலை ஓயாவில் கலந்து மகாவலிக்குப் போகிறது. ஆக, ஒரு தோட்டத்து ஓடையின் சுகம் அந்தத் தோட்டத்து மக்களின் காரியம் மட்டுமல்ல. கொழும்புக்குச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. பீலியில் குடம் வைப்பவளுக்கு அது இல்லை. பாதுகாப்பான குடிநீர் வசதியில் நகரம், கிராமம், தோட்டம் என்ற மூன்றில் தோட்டத்துறையே பின்தங்கி நிற்பதை 2016ஆம் ஆண்டின் சனத்தொகை மற்றும் சுகாதார ஆய்வும் காட்டியது.

ஆண்டு முழுவதும் ஓடும் ஓடை இல்லாத யாழ்ப்பாணத்துக்கும் இதிலே ஒரு பாடம் உண்டு. சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் வழக்காகி, 2019 ஏப்ரல் 4ஆம் திகதி உயர் நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனமொன்று 2 கோடி ரூபா செலுத்த வேண்டுமென்று தீர்ப்பளித்தது. நிலத்தடி நீரோ ஓடை நீரோ, கெட்டது எப்போது, எங்கிருந்து என்பதற்குச் சான்று கேட்கப்படும் நாள் வரத்தான் செய்யும்.

மலையில் ஓடையைக் கெடுப்பது யார்? மரக்கறித் தோட்டங்களில் அளவுக்கு மிஞ்சிப் போடப்படும் உரமும் கிருமிநாசினியும் மழையோடு இறங்குகின்றன. உரம் சேர்ந்த ஓடையில் பச்சைப்பாசி படர்வதை வைத்தே அடையாளம் காணலாம். இவை பற்றி நாம் தாராளமாகப் பேசுவோம். ஆனால் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு ஓடையோரமாக நடக்கத் தொடங்கும்போது முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் நமது சொந்தக் கைவேலை. ஓடைக்கு மிக அருகே தோண்டிய மலசலகூடக் குழி, மாட்டுத் தொழுவத்துக் கழுவுநீர், சவர்க்காரத் தூள் பைகள், குழந்தைகளின் பெம்பஸ். பக்கத்து வீட்டு அக்காவின் மலசலகூடக் குழியைக் குறிப்பேட்டில் எழுதுவது சுலபமான காரியமல்ல. எழுதினால் மனத்தாங்கல் வரும். எழுதாவிட்டால் குறிப்பேடு பொய்யாகிவிடும். ஆளின் பெயரை விட்டு இடத்தையும் நிலைமையையும் எழுதலாம், பின்பு ம்பொபொமேனித் தொண்டர்களைப் போல வீட்டுக்கு நேரில் போய்ப் பேசலாம். நமக்கு அதுவே பொருந்தும் என்பது என் எண்ணம்.

தோட்ட நிர்வாகத்தைத் தொடும் விடயம் என்றால் பயம் வேறு. குடியிருக்கும் லயமும் செய்யும் வேலையும் ஒரே கையில் இருக்கும்போது எந்தப் பெண் தனியாக முறைப்பாட்டில் கையெழுத்திடுவாள்? ஆகவே இது தனி ஒருத்தியின் வேலையாக இருக்கவே கூடாது. மாதர் சங்கம், மரண உதவிச் சங்கம், நீர் வழங்கலுக்கான சமூக அமைப்பு, ஆலய அல்லது பள்ளிவாசல் சபை என ஏதாவது ஒன்றின் பெயரில் குறிப்பேடு இருக்கட்டும். பாடசாலையின் சுற்றாடல் முன்னோடிப் படையணியைச் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. பூச்சிகளை இனம் காண்பதில் பிள்ளைகள் நம்மை விடக் கெட்டிக்காரர்கள்.

எழுதியதை யாரிடம் கொடுப்பது? நோய் சம்பந்தப்பட்டதாயின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும், குப்பை, வடிகான் போன்றவையாயின் பிரதேச சபைக்கும், தொழிற்சாலைக் கழிவாயின் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் கொடுக்க வேண்டும். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், கழிவை வெளியேற்றும் தொழிற்சாலைகள் அனுமதிப்பத்திரம் பெற்றிருக்க வேண்டும். அது இருக்கிறதா, உங்கள் ஓடையின் தண்ணீர் எப்போதாவது பரிசோதிக்கப்பட்டதா, பெறுபேறு என்ன என்று கேட்டறிய 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இடம் தருகிறது. விண்ணப்பத்துக்கு 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் அறிவிக்கப்பட வேண்டும். தமிழிலேயே எழுதலாம். ஒரு பிரதியை உங்கள் குறிப்பேட்டிலே ஒட்டி வையுங்கள்.

இறங்குமுன் சில வார்த்தைகள்

தனியாக ஓடையில் இறங்க வேண்டாம்; குறைந்தது மூவராகப் போங்கள். மழை பெய்து தண்ணீர் உயர்ந்திருக்கும் நாளில் போகவே வேண்டாம். மேலே மலையில் பெய்த மழை சில நிமிடங்களில் கீழே வந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. காலில் புண் இருப்பவர் கரையில் நின்று எழுதும் வேலையைப் பார்க்கட்டும். 2008ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 7,000 பேருக்கு மேல் எலிக்காய்ச்சலுக்கு ஆளானார்கள் என்பதை மறக்கக் கூடாது. வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கை கால் கழுவ வேண்டும். பிடித்த உயிர்களை அதே இடத்தில் விட்டுவிட வேண்டும்.

வேண்டிய சாமான்கள் வீட்டிலேயே இருக்கின்றன. தேங்காய்ப்பால் வடிக்கும் வடி ஒன்று, ஆனால் அதைப் பிறகு அடுப்படிக்குக் கொண்டு போகாதீர்கள். வெறும் வெள்ளை ஐஸ்கிறீம் பெட்டி ஒன்று. பழைய கரண்டி. நீரின் தெளிவைப் பார்க்க, நீளமான கண்ணாடிப் போத்தலின் அடியில் கறுப்புக் குறி போட்ட வெள்ளைக் கடதாசியை வைத்து மேலிருந்து நோக்கலாம். தென்னாபிரிக்கத் தொண்டர்கள் இதற்கு ஒரு மீற்றர் நீளமான ஒளிபுகும் குழாயைப் பயன்படுத்துகிறார்கள். ஒரே போத்தலை எப்போதும் பயன்படுத்தினால் நமக்கு அதுவே போதும்.

ஒருத்தி கல்லைப் புரட்டி அதன் அடியைத் தேய்த்துவிட, மற்றவள் கீழ்ப்புறமாக வடியைப் பிடிக்க வேண்டும். ஐந்து நிமிடம் போதும். பிடித்ததை வெள்ளைப் பெட்டியில் தெளிந்த நீரோடு ஊற்றிச் சற்று அசையாமல் வைத்திருந்தால் ஒவ்வொன்றாக நகரத் தொடங்கும்.

மேற்குச் சரிவுத் தோட்டங்களில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. வெள்ளம் பூச்சிகளை அடித்துக்கொண்டு போய்விடுவதால், பெருமழை நின்று சில வாரங்களுக்குப் பின் பார்ப்பதே சரி. தொடங்குவதற்கு ஜனவரி முதல் மார்ச் வரையான வரண்ட மாதங்கள் வசதியானவை. இரண்டு இடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்: ஒன்று குடியிருப்புக்கு மேலே, மற்றது கீழே. மாதத்துக்கு ஒருமுறை, முடிந்தால் ஒரே கிழமையில், போயா விடுமுறையன்றாவது போய்வரலாம். பாடசாலைக் கொப்பி ஒன்றின் முதல் பக்கத்தில் ஓடையின் படத்தைக் கையால் வரைந்து, பீலி, லயம், மலசலகூடங்கள், மரக்கறித் தோட்டம், தொழிற்சாலை எல்லாவற்றையும் குறியுங்கள். இரண்டாம் பக்கத்திலிருந்து திகதி, நேரம், முந்திய நாள் மழை பெய்ததா, நிறம், மணம், நுரை, கண்ட உயிர்கள், அந்த வாரத்தில் எத்தனை வீடுகளில் வயிற்றோட்டம், பார்த்தவர்களின் கையெழுத்து. ஒன்றும் வித்தியாசமில்லாத மாதத்திலும் வித்தியாசம் இல்லை என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். பின்னொரு நாள் தண்ணீர் கெடும்போது, அதற்கு முன் எப்படி இருந்தது என்று காட்ட அந்த வெறும் பக்கங்களே உதவும்.